சீலா மீன் சாளை விலைக்கு

எங்கள் தெருவில் பெண்களைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவரும் சத்தங்கள் குறைவு. கோயில் மணி அடித்தால் குடும்பமாகப் புறப்படுவோம். சாவுச் செய்தி வந்தால் ஆண்கள் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். யாருக்கும் காத்திராமல், தலையைக்கூட வாரிக்கொள்ளாமல், கையில் சட்டியோடு பெண்கள் ஓடி வருவது ஞானசௌந்தரி அக்காவின் குரலுக்கு மட்டும்தான்.

"மீனு… மீனேய்… ஆலந்தலை மீனு… அக்காமாரே, அம்மாமாரே, சட்டிய எடுத்துட்டு வாங்க…"

இதற்குப் பிறகு ஒரு சேவல் கூவும். அதற்குப் பிறகு ஒரு ஆண் இருமுவார். பிறகு மறுபடியும் மீனு, மீனேய். பல வருடங்களாக இந்தச் சேவலையும் இருமலையும் சேர்த்துத்தான் நாங்கள் மீன் வாங்கி வருகிறோம்.

உடன்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் மிஷன் பங்களாத் தெரு. ஒரு வரிசை முழுக்க ஆசிரியர்கள் வீடு, எதிர் வரிசை முழுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வீடு என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். தெரு சர்ச் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நின்றுவிடும். வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஞானசௌந்தரி அக்கா ஆலந்தலைக்காரர். கணவர் மனுவேல் அண்ணன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கல்யாணமான புதிதில் அக்கா கூடையில் மீன் வைத்து பஸ்ஸில்தான் உடன்குடிக்கு வந்துகொண்டிருந்தார். அந்தக் கதையை, எங்கள் வீட்டு கேட்டடியில் உட்கார்ந்து மீன் வெட்டித் தரும்போது அம்மாவிடம் சொல்வார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன்.

"பஸ்ஸு நெறைஞ்சு எல்லாரும் நின்னுக்கிட்டு வருவாங்கக்கா. என் பக்கத்துல மட்டும் ரெண்டு சீட்டு காலியாக் கெடக்கும். நாத்தத்துக்குப் பயந்து ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. நான் ராணி மாதிரி வந்தேன்."

"உனக்கு வருத்தமா இருக்காதா?" என்று அம்மா கேட்டார்.

"எதுக்கு? வேற பொம்பளைங்கள இடிக்கிறவன் எவனும் என் பக்கம் வரமாட்டான்லா. அந்த நாத்தந்தான் எனக்குக் காவலு."

பிறகு ஒரு பழைய எக்ஸ்எல் வண்டி வாங்கினார்கள். ஒரு மாதம் சர்ச் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினார். வண்டி ஓட்டுவதை ஊரில் யாரும் தடுக்கவில்லை. பின்னால் மீன் பெட்டியும் முன்னால் ஸ்பீக்கரும் கட்டியபோதுதான் பேச்சு வந்தது. மனுவேல் அண்ணனின் தம்பி வீட்டுக்கே வந்து கேட்டாராம்.

"மதினி, வண்டி ஓட்டுங்க, வேண்டாங்கல. ஆனா வீட்டுப் பொம்பள சத்தம் நாலு ஊருக்குக் கேக்கணுமா?"

"நாலு ஊருக்குக் கேட்டாத்தான கொழுந்தனாரே நாலு ஊர்ல விக்கும்?"

அன்று இரவே அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலைப் பதிவு செய்ய உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரித்ததில் பல தடவை கெட்டுப்போனது. கடைசியில் விடிகாலையில் ஒழுங்காக அமைந்தபோது பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது, மனுவேல் அண்ணன் இருமினார். "போதும், இதுவே இருக்கட்டும். மீன் வாங்குதவங்களுக்குச் சேவலும் சும்மா கெடைக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும். போன வருடம் ஒரு திங்கட்கிழமை, நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் "மீனு… மீனேய்…" என்று கேட்டது. இவ்வளவு காலையில் எப்படி வந்தார் என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். கறுப்பு பைக் ஒன்றில் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் இருந்தார்கள். பின்னால் இருந்தவனின் கையில் போன். "சட்டிய எடுத்துட்டு வாங்க" என்று அக்காவின் குரல் முடிந்த இடத்தில், சேவலையும் இருமலையும் வெட்டிவிட்டு, ஒரு ஆண் குரலை ஒட்டியிருந்தார்கள்.

"வந்துட்டேம்ளா… ஒனக்கு என்ன வெலை?"

நிறுத்தத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன். அந்தக் கேள்வியைவிட, அந்தக் குரலை நம்பிச் சிரித்தபடி திரும்பியதுதான் எனக்கு நாள் முழுவதும் உறுத்தியது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் பைக்கை நிறுத்தப்போவதில்லை, என் வேலையைத்தான் நிறுத்துவார்கள். நிறுத்தத்தில் நின்ற ஒவ்வொரு பெண்ணும் அதே கணக்கைப் போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் யார் வீட்டிலிருந்தும் எந்தப் பேச்சும் வரவில்லை.

கொஞ்ச நாளில் அந்த பைக் தெருக்களுக்குள்ளும் வர ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் எதிர்வீட்டு அனுசியா அக்கா வழக்கம்போலச் சட்டியோடு ஓடி வந்தார். மீன் வண்டிக்குப் பதிலாக பைக் நின்றது. "வந்துட்டேம்ளா" என்றது போன். கையில் வெறும் சட்டியோடு தெரு நடுவே நின்ற அவரைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அனுசியா அக்கா திரும்பிப் போய்க் கேட்டைச் சாத்தினார்.

அதன் பிறகு "மீனு" என்ற சத்தம் கேட்டாலே ஜன்னல்கள் மூடின. அந்தக் கடைசி வரி காதில் விழுமுன் சாத்திவிட வேண்டும் என்று ஒரு அவசரம். நிஜமாகவே ஞானசௌந்தரி அக்கா வந்து நிற்கும்போதும் அதே கதிதான். சந்தேகப்பட்டு, திரைச்சீலையை விலக்கிப் பார்த்து, கேட்டைத் திறப்பதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம்தான் அவருடைய கடை. அது போய்விட்டால் அவருக்கு எங்கள் தெருவும் இல்லை, எந்தத் தெருவும் இல்லை.

தெருக் கடைசியில் சர்ச் சுவருக்கு அடுத்த வீடு ஈவாஞ்சலின் டீச்சருடையது. தெருவே அவரிடம் படித்தது. அவர் ஒருநாள் ஞானசௌந்தரி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏம்மா, ஒன் நல்லதுக்குச் சொல்லுதேன். புள்ளைங்க படிக்கிற தெரு இது. ஒன் சத்தத்தக் கேட்டா இப்ப கண்டதும்லா ஞாபகம் வருது. யாராவது ஆம்பளக் கொரலப் போட்டுக்கோ."

"டீச்சர், களவு போனது என் பொருளு. களவாண்டவன விட்டுட்டு என்னைய வீட்டக் காலி பண்ணச் சொல்லுதீங்களே."

"நான் ஒன்னயக் குத்தம் சொல்லல. ஊரு வாயைச் சொல்லுதேன்."

"ஊரு வாயிக்குத்தான் நான் மீன் கொண்டாறேன், டீச்சர்" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியை மிதித்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று யாருக்கும் மீன் வெட்டிக் கொடுக்க உட்காரவில்லை.

அடுத்த வாரம் தேரிக்காட்டு ரோட்டில் அது நடந்தது. இரண்டு பக்கமும் செம்மண் மேடும் உடைமரமும்தான், வீடு வாசல் கிடையாது. அந்த பைக் பின்னாலேயே வந்து, பக்கத்தில் ஒட்டி, பின்னால் இருந்தவன் அக்காவின் முதுகில் ஓங்கி அறைந்து முந்தானையைப் பிடித்து இழுத்தான். வண்டி மணலுக்குள் இறங்கிச் சாய்ந்தது. முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. பெட்டி திறந்து மீன் எல்லாம் மண்ணில் புரண்டது.

"சாளை முழுக்கச் செவப்பு மண்ணு. மசாலா தடவுன மாதிரி கெடந்துச்சு. வறுக்கிறதுதான் பாக்கி" என்று பிறகு எங்களிடம் சொன்னார். ஆனால் இன்னொன்றையும் சொன்னார். அதைச் சொல்லும்போது வேடிக்கை இல்லை. பனைக்கு ஏறப்போகும் ஒரு அண்ணாச்சி ஓடி வந்து வண்டியைத் தூக்கிவிட்டிருக்கிறார், தண்ணீர் கொடுத்திருக்கிறார். பிறகு, "மைக்கப் போட்டு ஊரக் கூப்பிட்டா நாலு பேரு வரத்தாம்மா செய்வான்" என்றிருக்கிறார்.

"நல்ல மனுசன்தான்க்கா. அதான் எனக்கு வலிச்சுது."

மனுவேல் அண்ணன் இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் அந்த பைக்கைத் தேடி அலைந்தார். நம்பர் தெரியாது, முகம் தெரியாது. கறுப்பு பைக் ஊருக்கு நூறு இருக்கிறது. கடைசியில், "ஏளா, கொஞ்ச நாளைக்கு என் கொரலப் போட்டுக்கோ. அப்புறம் பாப்போம்" என்றார். அக்கா அதற்குச் சம்மதித்தார். அவர் சோர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

மனுவேல் அண்ணனுக்குக் கடலில் கத்திக் கத்திக் கரகரத்த தொண்டை. "மீன்… மீன்… ஆலந்தலை மீன்…" என்று அவர் குரல் தெருவுக்குள் வந்த முதல் நாள், ஒரு கேட்டும் திறக்கவில்லை. நாங்கள் எல்லோரும் சொல் பிடிபடாமல், பழைய இரும்பு எடுப்பவர் என்று நினைத்துக்கொண்டோம். வெகு நேரம் கழித்து அனுசியா அக்கா மட்டும் ஓட்டை பக்கெட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு என்ன தருவீங்க?"

வண்டியில் ஞானசௌந்தரி அக்கா உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு சாளை தாரேன், போதுமா?" என்று கேட்டுவிட்டு அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அனுசியா அக்காவும் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானசௌந்தரி அக்கா சொன்னார்:

"சரிக்கா. இனி ஆம்பளக் கொரலும் வேண்டாம், பதிஞ்ச கொரலும் வேண்டாம். வாயிருக்கில்லா."

அந்த ஸ்பீக்கரோடு சுருள் வயர் போட்ட கைமைக் ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதுவரை அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரித்ததில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிட நல்ல மீன் வேண்டும் என்று தெருவே சனிக்கிழமையில் காத்திருக்கும். அந்த வாரம் ஈவாஞ்சலின் டீச்சர் வீட்டில் ஐயர் சாப்பிட வருகிறார். சபை குருவானவருக்குச் சாளைக் குழம்பு வைக்க முடியாது, சீலா மீன்தான் வைக்க வேண்டும். சீலா விற்கிற விலைக்கு நாங்கள் எல்லாம் அதைப் பெட்டியில் பார்ப்பதோடு சரி.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தூரத்தில் எக்ஸ்எல் சத்தம் கேட்டது. அதை ஒட்டியே அந்தப் பாழாய்ப்போன பதிவும் கேட்டது. அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வரிசையாக மற்ற ஜன்னல்களும் சாத்தும் சத்தம். நான் மாடிப்படி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்னால் அக்கா, பின்னால் ஒரு பனை தூரத்தில் அந்த கறுப்பு பைக். அக்கா நிற்கவில்லை, நேரே தெருக் கடைசிக்குப் போனார். பைக்கில் பின்னால் இருந்தவன் ஓட்டுகிறவன் தோளைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னான். ஓட்டியவனுக்குப் புரியவில்லை, அல்லது கேட்கவில்லை. அவர்கள் ஒருநாளும் தெருக் கடைசிவரை வந்ததில்லை, அதனால் தெரு முட்டி நிற்கிறது என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

சர்ச் சுவரடியில் அக்கா வண்டியைக் குறுக்காக நிறுத்தினார். கர்ரென்று ஒரு சத்தம். பிறகு அக்காவின் குரல் வந்தது.

"அக்காமாரே! அம்மாமாரே! சீலா மீனு! சாளை வெலைக்குச் சீலா மீனு! இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான், முந்துறவங்களுக்குத்தான்! ஈவாஞ்சலின் டீச்சர், நாளைக்கு ஐயரு வாராங்கல்லா, துண்டு போட்டு வச்சிருக்கேன், வாங்க! சீலா மீனு சாளை வெலைக்கு!"

சேவல் இல்லை, இருமல் இல்லை. இது போனிலிருந்து வரும் குரல் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. தெருவுக்கே தெரிந்திருக்க வேண்டும். சாத்திய ஜன்னல்கள் திறக்கவில்லை, நேராகக் கேட்டுகளே திறந்தன. அம்மா கையில் தேங்காய்த் துருவலோடு ஓடினார், நானும் பின்னாலேயே இறங்கி ஓடினேன். அனுசியா அக்கா பெரிய அலுமினியச் சட்டியோடு வந்தார். வேகமாக நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தவர்களும் ஓடி வந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் தெரு நிறையப் பெண்கள். பைக் அவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. ஓட்டியவன் திருப்பப் பார்த்தான், சட்டிகளும் இடுப்புகளும் இடித்தன, முடியவில்லை.

"எங்களா சீலா?" என்று அனுசியா அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏளா, இது சாளைலா!"

ஞானசௌந்தரி அக்கா மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"சீலா பெட்டிக்குள்ள இல்லக்கா. ஒங்களுக்குப் பின்னால நிக்கி. கறுப்பு பைக்கு மேல ரெண்டு சீலா. தேரியில என் முந்தானையப் பிடிச்சு இழுத்தது இந்தக் கைதான். என் சத்தத்தக் களவாண்ட போனும் இந்தக் கையிலதான் இருக்கு. விட்டுராதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். யாரோடும் சண்டைக்குப் போகாத என் அம்மா, கையை நீட்டி பைக் சாவியை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டார். நான் அதை என் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

"அத்தே, சும்மா வெளையாட்டுக்கு…" என்றான் ஓட்டியவன்.

"வெளையாட்டா? சவத்து மூதி! தேரியில அவ மண்டை ஒடஞ்சிருந்தா ஒங்கப்பனா வந்து ஒட்டுவான்?" என்று அனுசியா அக்கா சட்டியால் அவன் ஹெல்மெட்டில் ஒன்று போட்டார். கோயில் மணி மாதிரி கேட்டது. அன்றைக்கு வெறும் சட்டியோடு திரும்பிப் போனதற்கான கூலி அது.

அந்த நேரம் பின்னால் இருந்தவன் பதற்றத்தில் போனை எங்கேயோ அழுத்திவிட்டான். பதிவு மறுபடி ஓட ஆரம்பித்தது. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். "சட்டிய எடுத்துட்டு வாங்க" என்றது அக்காவின் குரல். இந்தத் தடவை சாத்துவதற்கு ஜன்னல் இல்லை. முதல் தடவையாகத் தெரு முழுவதும் அந்தக் கடைசி வரியைக் கேட்டது.

"வந்துட்டேம்ளா… ஒனக்கு என்ன வெலை?"

கூட்டத்தின் ஓரத்தில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோடு ஈவாஞ்சலின் டீச்சர் நின்றிருந்தார். முகம் மாறிவிட்டது.

"ஹெல்மெட்டக் கழட்டு" என்றார், பின்னால் இருந்தவனைப் பார்த்து.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஜாபேஸ், கழட்டு."

திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிப்பதாக நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த அவருடைய மகன் ஹெல்மெட்டைக் கழற்றினான். நான் அந்தக் குரலைப் பஸ் நிறுத்தத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவன் என்னிடம் பேசியதே இல்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

டீச்சர் அவனை அடிக்கவில்லை. போனைக் கையிலிருந்து வாங்கினார். ஞானசௌந்தரி அக்காவிடம் போய் அதைக் கொடுத்தார். பிறகு வேறு என்ன செய்வது என்று தெரியாதவர்போலத் தூக்கை நீட்டினார்.

"சீலான்னியே."

"இல்ல டீச்சர். சாளைதான்."

"அப்ப பொய்தான் சொன்னியா?"

"உள்ளதச் சொன்னா நீங்க யாரும் கேட்டத் தொறக்கலியே, டீச்சர்."

டீச்சர் தூக்கின் மூடியைத் திறந்தார். "சரி. சாளையே போடு" என்றார். மறுநாள் ஐயர் சாளைக் குழம்புதான் சாப்பிட்டார்.

அன்று மதியமே ஞானசௌந்தரி அக்காவும் மனுவேல் அண்ணனும் போலீசில் புகார் கொடுத்தார்கள். இந்தத் தடவை நம்பர் இருந்தது, முகம் இருந்தது, போன் இருந்தது. சாட்சிக்கு என் அம்மாவும் அனுசியா அக்காவும் போனார்கள். நானும் போனேன். பஸ் நிறுத்தத்தில் கேட்டதைச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும், "எத்தன நாளாளா?" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை நான் வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனேன், வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

டீச்சரின் கணவர் வேதமணி சார், சபைப் பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஆலந்தலைக்கே போயிருக்கிறார். பையனின் படிப்பு, எதிர்காலம், குடும்பத்தின் பெயர் என்று பேசியிருக்கிறார்கள். அக்கா எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னாராம்:

"பேசி முடிக்க இது என்ன சார், கரையில விடுற ஏலமா? கேசு அது பாட்டுக்கு நடக்கட்டும். சனிக்கிழமை மீனும் அது பாட்டுக்கு வரும்."

வந்தது. அடுத்த சனிக்கிழமை எக்ஸ்எல் தெருவுக்குள் நுழையும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். இப்போது ஒரு நாள் சொன்னது மறுநாள் இருப்பதில்லை. "வெளமீனு இருக்கு, ஊளி இருக்கு, நண்டு கேட்டவங்க யாருக்கா, நண்டு கோவிச்சுக்கிட்டு வரல" என்று அன்றன்றைக்கு வாயில் வருவதுதான். அதைப் பிடித்து ஒட்டவைக்க யாராலும் முடியாது. எங்களில் சிலருக்கு அந்தச் சேவல் மட்டும் இல்லாதது ஒரு குறை. கேட்டால், "அதக் கொழம்பு வச்சாச்சு" என்கிறார்.

கூட்டம் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஈவாஞ்சலின் டீச்சர் வீட்டு கேட் திறந்தது. டீச்சர் வரவில்லை. எவர்சில்வர் தூக்கோடு ஜாபேஸ் வந்தான். டீச்சர் வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கடைசியில் போய் நின்றுகொண்டான். ஒவ்வொருவராக வாங்கி முடித்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அவன் முறை வந்தது. தூக்கை நீட்டினான். ஞானசௌந்தரி அக்கா தராசைத் துடைத்தபடி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, சும்மா நிக்கே? வெலை கேளு. ஒனக்குத்தான் நல்லாக் கேக்கத் தெரியும்லா."

அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"எனக்குக் கேக்கல. அங்கன நிக்கிற ஒங்கம்மைக்கும் கேக்கல. தலையத் தூக்கி, மீனப் பாத்துக் கேளு."

"சாளை… என்ன வெலைக்கா?" என்றான், தெருவுக்கே கேட்கும்படி.

அக்கா விலையைச் சொன்னார். எங்களுக்குச் சொன்ன அதே விலைதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எடை போட்டுத் தூக்கில் கொட்டிவிட்டு மைக்கை எடுத்தார்.

"ஊளி கொஞ்சந்தான் இருக்கு, அக்காமாரே, வேணுங்கிறவங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். நாங்கள் வழிவிட்டோம்.